கவிதையை எப்போது கையைவிட்டு விடுவது? கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: எழுதியதைத் திருத்திக்கொண்டே இருக்கிறோம், எங்கே நிறுத்துவது? ஆகவே மற்றதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தங்கச்சி: அம்மாவைப் பற்றி எழுதிய கவிதையை எத்தனையோ தரம் மாற்றிவிட்டேன். முதல் பிரதியையும் கடைசிப் பிரதியையும் அனுப்புகிறேன். இன்னும் திருத்தவேண்டுமா அண்ணை?

அவர் அனுப்பிய முதல் பிரதி:

பரந்தன் சந்தியில் பஸ் நின்றது.
அம்மா இறங்கவில்லை.
அவவின் பை மட்டும் இறங்கியது.

கடைசிப் பிரதி:

காலத்தின் சந்தியில்
உறைந்துபோன பயணமொன்றில்
தாய்மையின் சுமை
என் கைகளில் இறங்கிற்று.

திருத்த வேண்டாம் தங்கச்சி, பின்னுக்குப் போகவேண்டும். முதல் பிரதியில் பரந்தன் இருந்தது, பஸ் இருந்தது, அம்மா இருந்தா, பை இருந்தது. கடைசியில் இந்த நாலும் இல்லை. பரந்தன் போய்க் காலம் வந்துவிட்டது. அம்மா போய்த் தாய்மை வந்துவிட்டது. எழுதியது போதாதோ என்ற பயத்தில் செய்யும் திருத்தம் இப்படித்தான் ஊர்ப்பெயரை அழிக்கும், கையால் தொடக்கூடிய பொருளை அழிக்கும், அந்த இடத்தில் ஒரு பெரிய சொல்லைக் கொண்டுவந்து வைக்கும். அது தொடங்கியதும் பேனையை வைத்துவிட வேண்டும்.

முதல் பிரதியில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. 'மட்டும்' என்பதை எடுத்துப் பாருங்கள்: "அவவின் பை இறங்கியது." அம்மா இறங்கவில்லை என்று மேல் வரியில் சொல்லியாயிற்று. 'மட்டும்' அதையே இன்னொரு தரம் விளங்கப்படுத்துகிறது. அது போனால் வாசிப்பவர் அந்தப் பையைத் தானாகவே பார்ப்பார். சரி, அவ்வளவுதான். அனுப்பிவிடுங்கள்.

முள்ளியவளையில் ஓர் ஆசிரியர்: கவிதை முடிவதே இல்லை, கைவிடத்தான் படுகிறது என்று சொல்கிறார்களே?

பிரெஞ்சுக் கவிஞர் போல் வலேரி சொன்னது, சேர். அதன் பின்னாலிருக்கும் கதை அந்த வசனத்தைவிட எனக்குப் பிடிக்கும். கடலோர மயானம் ஒன்றைப் பற்றிய தன் கவிதையை அவர் இன்னும் செதுக்கிக்கொண்டிருந்தார். பத்திரிகை ஆசிரியர் ழாக் ரிவியேர் வந்தார், வாசித்தார், இருந்த நிலையிலேயே பறித்துக்கொண்டு போய்விட்டார். 1920இல் அது அச்சில் வந்தது. முடிவு வெளியிலிருந்து வந்திருக்கிறது.

நமக்கும் இது புதிதில்லை. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசானுக்கு முன்னால் நூல் அரங்கேறியதைத் தொல்காப்பியப் பாயிரம் சொல்கிறது. அரங்கேற்ற நாள் என்று ஒன்று இருந்தால் அதற்கு முதல் திருத்தி முடிக்கத்தான் வேண்டும். உங்கள் பாடசாலையிலோ ஊர் வாசிகசாலையிலோ ஒரு நாளைக் குறியுங்கள். கேட்பதற்கு நாலு பேர் வந்து இருந்தால் போதும்.

வவுனியாவிலிருந்து: ஒன்பதாவது ஆண்டுவரை வைத்திருந்து பார்க்கச் சொன்னாரே ரோமக் கவிஞர் ஹொராஸ்?

நல்ல புத்தி, வைத்திருக்க இடம் இருந்தால். ஒன்பது வருடம் ஒரே அலுமாரியில் ஒரு கொப்பி பத்திரமாகக் கிடக்க நம் வீடுகளுக்கு எங்கே கொடுத்துவைத்தது? 2008இலும் 2009இலும் கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று சனம் ஓடியபோது பிள்ளையைத் தூக்கியது, பானை சட்டியைத் தூக்கியது. கொப்பிகள் பங்கருக்குள்ளேயே மண்ணோடு போயின. அதற்குள் இருந்த கவிதைகளை ஒருவருமே வாசித்ததில்லை. எழுதியவர்களை நான் குறை சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் நன்றாக்கிவிட்டுக் காட்டலாம் என்றுதான் அவர்களும் வைத்திருந்திருப்பார்கள். ஆகவே நான் சொல்வது: ஒரு மாதம் வையுங்கள், ஆனால் எழுதிய அன்றே ஒரு பிரதியை இன்னொருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

மாங்குளம், பல்கலைக்கழக மாணவர்: புத்தகமாக வந்தபிறகும் திருத்தலாமா?

உரிமை இருக்கிறது தம்பி. பலன்தான் சந்தேகம். ஆங்கிலக் கவிஞர் ஓடன், இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 செப்டெம்பரைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். ஒருவரையொருவர் நேசிக்கவேண்டும், இல்லையேல் சாவோம் என்று அதில் ஒரு வரி. நேசித்தாலும் சாகத்தானே போகிறோம் என்று அந்த வரி அவரை உறுத்தியது. 1955இல் ஒரு தொகுப்புக்காக 'நேசிக்கவேண்டும், சாகவும் வேண்டும்' என்ற பொருளில் மாற்றினார். அதுவும் ஒத்துவரவில்லை, 1966இல் வந்த தன் தொகுப்பில் கவிதையையே சேர்க்கவில்லை. ஆனால் 2001 செப்டெம்பர் 11க்குப் பிறகு அமெரிக்காவில் சனம் தேடி எடுத்துப் பகிர்ந்தது அந்தக் கவிதையைத்தான்.

அச்சுப்பிழையைத் திருத்துங்கள். ஒருவருடைய பெயர் வெளியில் வந்து அவருக்கு ஆபத்து என்றால் உடனே எடுத்துவிடுங்கள். ஆனால் நாற்பது வயதில் இருந்துகொண்டு, இருபது வயதில் வந்த கோபத்தைத் தணிக்கப் போகாதீர்கள். நாற்பது வயதுக்கு வேறு கவிதை எழுதலாம்.

ஒட்டுசுட்டானில் ஒரு பெரியவர்: கோவலன் கூத்துப் பாட்டுகளை அண்ணாவிமார் மாற்றி மாற்றித்தானே பாடிவந்தவை. அது பிழையோ?

பிழையே இல்லை ஐயா. நாக்கில் தடக்கிய சொல் பாடப் பாட உதிர்ந்துவிடும். தனியாக எழுதுபவரும் சத்தம் போட்டு வாசித்துப் பார்க்கவேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடக்கினால் அங்கே வேலை இருக்கிறது. எங்கும் தடக்காவிட்டால் விட்டுவிடலாம்.

புதுக்குடியிருப்பு: போனில் எழுதுகிறேன். மாற்றினால் பழையது அழிந்துபோகிறது.

ஒவ்வொரு பிரதியையும் திகதி போட்டு வேறு வேறாகச் சேமியுங்கள். மேலே தங்கச்சிக்குப் பின்னுக்குப் போக வழி இருந்தது, முதல் பிரதியை அவர் வைத்திருந்தபடியால்.

பெயர் போடவேண்டாம் என்ற ஓர் அக்கா: காணாமல் ஆக்கப்பட்ட தம்பியைப் பற்றிய கவிதை. முடித்தால் அவனையே முடித்துவிட்டதுபோல் இருக்கிறது. கடைசி வரி வரவே மாட்டேன் என்கிறது.

அக்கா, கடைசி வரியைத் தேடாதீர்கள். அவர் எங்கே என்று ஒருவரும் உங்களுக்குப் பதில் சொல்லாதபோது, கவிதைக்காக ஒரு முடிவை எழுதினால் அது பொய்யாகிவிடும். எந்த வரியில் நிற்கிறதோ அங்கேயே நிற்கட்டும். கீழே திகதியைப் போடுங்கள். அடுத்த வருடம் சொல்ல வேறு இருந்தால், பழையதைத் தொடாமல், அதே தலைப்பில் இன்னொன்று எழுதுங்கள். அப்புறம் சேர்த்து வெளியிட விருப்பமென்றால் எனக்கு அனுப்புங்கள், எழுத்துப்பிழை மட்டும் பார்த்துத் தருகிறேன்.