எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் கைகொடுக்கும் விசித்திர ஆங்கிலச் சொற்கள் எவை? அவற்றின் பொருளும் தெரிந்திருக்க வேண்டுமா?

விதிப்படி தேவையில்லை. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே, சொற்பட்டியலை மனப்பாடம் செய்து 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவர் மூளை அப்படி. எனக்கோ பொருள் தெரியாத சொல் இரண்டு நாள்கூடத் தங்காது. அதனால் கதையோடுதான் படிக்கிறேன். கீழே வருபவை, எந்தச் சொல் செல்லும் என்று நம் ஊர் ஆட்டத்தில் முடிவு செய்யும் காலின்ஸ் சொற்பட்டியலில் உள்ளவை.

முதலில் க்யூ. பையில் இருப்பதே ஒன்று, 10 புள்ளி. ஆட்டம் முடியும்போது கையிலேயே தங்கிவிட்டால் அந்தப் பத்தும் கழியும். யூ வரட்டும் என்று காத்திருந்தே பல ஆட்டங்களைக் கோட்டை விட்டிருக்கிறேன். பிறகுதான் 'கி' தெரிந்தது: க்யூ, ஐ, அவ்வளவுதான். உடலுக்குள் ஓடுவதாகச் சீனர்கள் சொல்லும் உயிராற்றல். எழுத்துக்கு மும்மடங்கு தரும் கட்டத்தில் க்யூ விழுந்து, குறுக்கிலும் நெடுக்கிலும் 'கி' அமைந்தால் 62 புள்ளி! செய்தித்தாளில் தினமும் பார்க்கும் வக்ஃபும் செல்லும்: டபிள்யூ, ஏ, க்யூ, எஃப். கட்டத்தின் சலுகை இல்லாமலே 19.

உயிரெழுத்தே வராத நாளுக்கு வேல்ஸ் மொழிக்காரர்கள் துணை. அவர்களுக்கு டபிள்யூவும் உயிரெழுத்து. சி, டபிள்யூ, எம் சேர்ந்தால் 'கூம்': மலைச்சரிவில் கிண்ணம்போல் குடைந்த பள்ளத்தாக்கு. நேபாளப் பக்கமிருந்து எவரெஸ்ட் ஏறுபவர்கள் இப்படி ஒன்றைக் கடந்துதான் போகிறார்கள். கையில் உயிரெழுத்துகளே குவிந்தால் இ, யூ, ஓ, யூ, ஏ, இ. தேவாலய இசை ஏட்டில், லத்தீன் துதியின் கடைசிச் சொற்களிலிருந்து உயிரெழுத்தை மட்டும் உருவி எழுதிய குறிப்பு இது. எனக்கு இன்னும் ஒருமுறைகூட அமையவில்லை.

நம் வீட்டுச் சொற்களில்தான் ஆபத்து அதிகம். அணைக்கட்டு 'அனிகட்' ஆகவும், சுருட்டு 'செரூட்' ஆகவும் உள்ளே போயிருக்கின்றன. தெரிந்த சொல்தானே என்ற தைரியத்தில் ஒருநாள், பலகையில் கிடந்த தோசையின் வாலில், டி, ஓ, எஸ், ஏ, ஐக்குப் பின்னால், ஓர் எஸ்ஸை ஒட்டினேன். எதிரே அக்கா மகள்.

"செல்லாது மாமா. தோசா ஒருமை, தோசைதான் பன்மை."

"யார் சொன்னது? நான் காலையில் ஒரே ஒரு தோசைதான் தின்றேன்."

பட்டியலைத் திறந்து காட்டினாள். அவள் சொன்னதுதான் சரி. என் முறை போயிற்று, ஆட்டமும் போயிற்று.

அடுத்த ஞாயிறு கஞ்சியால் ஈடுகட்டினேன். கஞ்சிக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் உண்டு: நடுவில் ஜி போடலாம், ஜே போடலாம். ஜிக்கு 2 புள்ளி, ஜேக்கு 8. நான் ஜே போட்டேன், கடைசியில் எஸ்ஸும் சேர்த்தேன். கஞ்சிக்கு எஸ் செல்லும். அவள் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் புள்ளியை எழுதிக்கொண்டாள்.