பெயிண்ட் கடைசியில்தான்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் கேள்வி-பதில்

இந்த முறை சேலம் வட்டார வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, 'எவ்வளவு செலவில் பெயிண்ட் அடிக்கலாம்?' என்றுதான் தொடங்குகின்றன. தாராளமாக அடிக்கலாம். ஆனால் கையில் காசு குறைவாக இருப்பவர் பெயிண்டைக் கடைசியில் வைத்துக்கொண்டால்தான் போட்ட பணம் நிற்கும். கீழே முதல் பதிலிலும் இதையே திரும்பச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு முக்கியம் என்று நினைப்பதால்தான்.

அப்பா ஓட்டிய 1965 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஷெட்டில் நிற்கிறது. கைவசம் ஒன்றரை லட்சம் இருக்கிறது. டிங்கரிங், பெயிண்ட் வேலையைத் தொடங்கிவிடலாமா? (அஸ்தம்பட்டி வாசகர்)

முதலில் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஹெரால்டு 1961 முதல் மதராஸில் தயாரான வண்டி. வடிவம் இத்தாலியக்காரர் ஜியோவான்னி மிக்கெலாட்டி வரைந்தது. இதன் சேஸிஸை (அடிச்சட்டத்தை) சற்றுக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அதனால் உங்கள் வீட்டில் நிற்பது ஸ்போர்ட்ஸ் காருக்கு நெருங்கிய சொந்தம்தான்.

இந்த வண்டியில் சேஸிஸ் தனி, பாடி தனி. பேனல்களைப் பெரும்பாலும் போல்ட் போட்டுத்தான் இணைத்திருக்கிறார்கள். குறைந்த பட்ஜெட்காரருக்கு இது பெரிய வசதி. ஒவ்வொரு பகுதியாகக் கழற்றி, காசு வரும்போது வேலை பார்க்கலாம். ஆபத்து இருப்பது சேஸிஸின் இருபுறமும் கை நீட்டிப் பாடியைத் தாங்கும் அவுட்ரிகர்களில். மேலே பளபளவென்று இருக்கும் வண்டியிலும் இவை துருவில் உதிர்ந்துபோயிருக்கும். ஒரு திருப்புளியை எடுத்து அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் உங்கள் ஒன்றரை லட்சத்தின் முதல் செலவு அங்கேதான்.

அவுட்ரிகரை வெட்டி மாற்ற வேண்டியிருந்தால் ஒரு எச்சரிக்கை. பாடியைத் தூக்கிவிட்டு வெல்டு வைக்கச் சொல்லாதீர்கள். பாடி சேஸிஸ் மேலேயே இருக்கட்டும். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை வைத்துப் பிடித்துவிட்டு, அப்புறம் வெட்டட்டும். இல்லாவிட்டால் வேலை முடிந்த பிறகு கதவு மூடாது.

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் கைதேர்ந்த வெல்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் லாரியின் கனத்த தகடு வேறு, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கார்த் தகடு வேறு. கேஸ் வெல்டிங்கில் சூடு பரவித் தகடு நெளிந்துவிடும். சி.ஓ.டூ வெல்டிங்கில் (சூடு அதிகம் பரவாத மின் வெல்டிங்), இங்கொரு பொட்டு அங்கொரு பொட்டாகத் தள்ளித் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அதே கனத்தில் ஒரு துண்டுத் தகட்டில் முதலில் வைத்துக் காட்டச் சொல்வதில் தவறில்லை. நல்ல வெல்டர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சேஸிஸ், பிரேக், பெட்ரோல் லைன், வயரிங் இவை முடியும்வரை வண்டி ப்ரைமரிலேயே (அடிப்பூச்சிலேயே) நிற்கட்டும்.

போன தீபாவளிக்கு முழு பெயிண்ட் அடித்தேன். இப்போது ஃபெண்டரில் சின்னச் சின்னக் கொப்புளம். பெயிண்ட் கம்பெனியைக் குறை சொல்வதா, பெயிண்டரைக் குறை சொல்வதா? (குகை)

பெரும்பாலும் இரண்டையும்விட, பட்டி (மேடுபள்ளத்தை நிரப்பும் பசை) தேய்த்த விதம்தான் காரணம். பட்டறைகளில் பக்கெட் தண்ணீரையும் வாட்டர் பேப்பரையும் வைத்துக்கொண்டு பட்டியைத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். தூசி பறக்காது, வேலை வேகமாக முடியும். ஆனால் காய்ந்த பாலியஸ்டர் பட்டி பஞ்சு மாதிரி ஈரத்தைக் குடிக்கும். மேலே கையால் தடவினால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும். அந்த ஈரம் அடியில் தகட்டைத் தொட்டுத் துருவாக்கி, வெயில் ஏறும்போது பெயிண்டைத் தூக்கிக் கொப்புளமாக்கும்.

ஒரு கொப்புளத்தை பிளேடால் கீறிப் பாருங்கள். அடியில் பழுப்பு நிறத் தூளும் வெறும் தகடும் தெரிந்தால் துரு. கொப்புளம் பெயிண்டுக்கும் ப்ரைமருக்கும் நடுவில் மட்டும் இருந்தால், எண்ணெய்ப் பசையோ, காயாத தின்னரோ காரணம்.

துரு என்றால் அந்த இடத்தைத் தகடு வரை சுரண்டித்தான் ஆகவேண்டும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, மூலைகளில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம் போட்டு, கழுவிக் காயவைத்து, நேராக எபாக்ஸி ப்ரைமர் (தகட்டை ஈரம் அண்டாமல் காக்கும் அடிப்பூச்சு) அடியுங்கள். பட்டி எபாக்ஸியின் மேல்தான் வரவேண்டும். 80, அப்புறம் 180, அப்புறம் 320 பேப்பரில் உலர்வாகவே தேயுங்கள். தூசிக்கு முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பேப்பரெல்லாம் சர்ஃபேசர் (பட்டிக்கு மேல் வரும் சமன் பூச்சு) அடித்த பிறகுதான்.

இன்னொன்று. பட்டியின் கனம் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பள்ளத்தைத் தட்டி எடுத்துவிட்டு, மிச்சம் இருக்கும் மேடுபள்ளத்துக்கு மட்டும்தான் பட்டி. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஏற்காட்டில் எஸ்டேட் ஷெட்டில் வைத்து என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்தோம். காய்ந்ததும் வெள்ளை பூத்துவிட்டது. தின்னர் கலப்படமா? (நாகலூர்)

இருக்கலாம், ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈரக்காற்றை. என்.சி. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகட்டின் மேல்பரப்பைக் குளிர வைக்கும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். மாலை மூடுபனி இறங்கினால் அந்தக் குளிர்ந்த பரப்பில் ஈரம் படிந்து பெயிண்டுக்குள் சிக்கிக்கொள்ளும். அதுதான் அந்த வெள்ளை.

லேசாகப் பூத்திருந்தால், வெயில் உள்ள நண்பகலில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைச் சன்னமாக மேலே ஓட்டிப் பாருங்கள், தெளிந்துவிடும். ஆழமாகப் போயிருந்தால் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதுதான். மலையில் அடிப்பதென்றால் காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி இரண்டு மணிக்குள் முடியுங்கள். தகடு கையில் சில்லென்று பட்டால் அன்றைக்கு அடிக்காதீர்கள். என்னைக் கேட்டால், தேய்க்கும் வேலையெல்லாம் மேலே முடித்துவிட்டு, கடைசிக் கோட்டிங்குக்கு வண்டியைச் சேலத்துக்கு இறக்கிவிடுவது நல்லது. இங்கே சிக்கல் நேர் எதிர்: சித்திரை வெயிலில் பெயிண்ட் தகட்டைத் தொடுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகிவிடும். அப்போதும் மெதுவான தின்னர்தான் மருந்து.

இன்ஜினியரிங் படிக்கிறேன். செலவைக் குறைக்க வீட்டு மாடியில் நானே பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடிக்கலாம் என்று இருக்கிறேன். துணி மாஸ்க் போதுமா? (சூரமங்கலம்)

போதவே போதாது, தம்பி. இதில் நான் கறாராகவே சொல்கிறேன். பி.யு. பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது தெளிப்பாக நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு முட்டும். பட்டறைகளில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பவர்களைப் பார்த்து 'அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று நினைக்காதே. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடியோடு அடிக்க வேண்டிய பொருள் அது. மாடியில் அடித்தால் பக்கத்து வீட்டுக்கும் போகும்.

உன் செலவு குறைய வேறு வழி இருக்கிறது. பெயிண்ட் வேலையில் கூலி பெரும்பாலும் தேய்ப்பதற்குத்தான். பம்பர், லைட், கண்ணாடி ரப்பர், கைப்பிடி எல்லாவற்றையும் நீயே கழற்று. துரு எடுப்பதை வீட்டில் செய்; பட்டறையில் எபாக்ஸி ப்ரைமர் அடித்து வாங்கிய பிறகு, பட்டியும் தேய்ப்பும் வீட்டிலேயே செய். பூத் (தூசி புகாத பெயிண்ட் அறை) வைத்திருக்கும் பட்டறையில் முன்கூட்டியே பேசி, அந்த ப்ரைமரும் கடைசியில் சர்ஃபேசரும் கலரும் கிளியர் கோட்டும் (மேலே வரும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு) மட்டும் அடித்துத் தரச் சொல். கழற்றிய நட்டு போல்ட்டைத் தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வை.

சான் ஸ்டார்ம் ஒன்று விலைக்கு வருகிறது. துருவே பிடிக்காது என்கிறார்கள், உண்மையா? (ஃபேர்லேண்ட்ஸ்)

பாடிக்கு உண்மை. அது ஃபைபர் பாடி, ரெனோ இன்ஜின் வைத்த இரண்டு சீட் வண்டி. ஆனால் அடியிலுள்ள இரும்பு துருப்பிடிக்கும், அதைப் பாருங்கள். பெயிண்ட் எடுக்க ரிமூவர் தடவ விடாதீர்கள், ரெசினையும் சேர்த்துத் தின்றுவிடும். மணல் அடிப்பதும் கூடாது. பேப்பரால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். நட்சத்திரம்போல விரிசல் தெரியும் இடங்களில் பட்டி பூசி மூடினால் மறுபடி விரியும். விரிசலை 'வி' வடிவில் தோண்டி, கிளாஸ் மேட்டும் ரெசினும் போட்டுக் கட்ட வேண்டும். படகு, தண்ணீர்த் தொட்டி செய்யும் ஃபைபர் ஆட்களே இதைச் செய்வார்கள்.

கலர் மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் சொல்ல வேண்டுமா? வின்டேஜ் பதிவு லாபமா? (அம்மாபேட்டை)

சொல்லியே ஆகவேண்டும். ஆர்.சி.யில் உள்ள நிறமும் வண்டியின் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்சூரன்ஸுக்கும் தெரிவியுங்கள்.

50 வயது தாண்டிய, இன்ஜினிலும் சேஸிஸிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 2021 விதிப்படி வின்டேஜ் பதிவு கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான். ஞாயிறுதோறும் ஏற்காடு போய்வர ஆசை என்றால் ஆர்.சி.யின் சாதாரணப் புதுப்பிப்பே சரி. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 முதல் அந்தக் கட்டணம் 10,000 ரூபாய், ஐந்து ஆண்டுக்கு.

கருப்பூரில் தூசி அதிகம். கிளியர் கோட்டில் தூசி உட்கார்ந்துவிட்டது. (கருப்பூர்)

நன்றாகக் காயட்டும். 1500, 2000 தண்ணீர் பேப்பரில் அந்தப் புள்ளிகளை மட்டும் தடவி, காம்பவுண்ட் போட்டால் போய்விடும். அடுத்த முறை தரையை நனைத்துவிட்டு அடியுங்கள்.

ஹெரால்டு தயார். முதல் பயணம் ஏற்காடு. என்ன பார்க்க வேண்டும்? (கன்னங்குறிச்சி)

ஏறுவது பிரச்சினை இல்லை, இறங்குவதுதான். 20 கொண்டை ஊசி வளைவு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் ஏறியது 140-லேயே கொதித்துவிடும். கொதித்தால் பெடல் தரையைத் தொடும், பிரேக் இருக்காது. முழுவதையும் வடித்து, இன்னும் அதிகச் சூட்டில்தான் கொதிக்கும் டாட் 4 நிரப்புங்கள். வீல் சிலிண்டர் ரப்பர், பிரேக் ஹோஸ் எல்லாம் புதிதாக இருக்கட்டும். பெட்ரோல் ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் பழைய ரப்பர் ஊறி விரிசல் விடும்.

அப்புறம் ஹெரால்டின் பின்சக்கரம். அது ஸ்விங் ஆக்ஸில், அதாவது சக்கரம் தன் ஆக்ஸிலோடு சேர்ந்து மேலும் கீழும் சாய்ந்தாடும் அமைப்பு. வளைவின் நடுவே பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென விட்டால் பின்பக்கம் மேலெழும்பி, வெளிச்சக்கரம் உள்ளே மடங்கி, வால் வீசும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியரில், லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபடி திருப்புங்கள். இறங்கும்போது அடிவாரம் வரை அதே கியர்.