சதுரங்கமும் நிரூபணமும் – கடிதம்

அன்பின் ஐயா,

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற வாரம் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவன், “சேர், செஸ்ஸை கம்பியூட்டர் முழுக்கக் கண்டுபிடிச்சிட்டுது, இனி ஆடி என்ன பயன்?” என்று கேட்டான். தீர்வு என்றால் நிரூபணம் வேண்டுமே என்றேன். ஸ்டொக்பிஷ் என்ற செஸ் நிரலை எந்த மனிதனாலும் வெல்ல முடியாது, அதைவிட என்ன நிரூபணம் என்கிறான். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் மறுத்துச் சொல்லக் கையில் ஒன்றும் இல்லை. கணினியால் சதுரங்கத்தைக் கணித முறைப்படி தீர்க்க முடியுமா?

ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்பின் தம்பி,

உங்களுக்குப் பட்டதுதான் சரி. எதிரே வந்த எல்லாரையும் வெல்வது வேறு, யார் வந்தாலும் என்ன ஆடினாலும் தோற்கவே முடியாது என்று காட்டுவது வேறு. 2017இல் அல்பாசீரோ என்ற நிரல் ஸ்டொக்பிஷ்ஷின் எட்டாம் பதிப்போடு 100 ஆட்டம் ஆடி 28இல் வென்றது, மிச்சம் 72உம் சமநிலை. அந்த எட்டாம் பதிப்பையும் அன்றைக்கு எந்த மனிதராலும் வெல்ல முடியாது. அப்படியிருந்தும் அது 28 தடவை எங்கோ பிழைவிட்டது. இன்றைய ஸ்டொக்பிஷ் அதைவிட எவ்வளவோ வலுவானது, சரி, ஆனால் இதுவும் எங்கும் பிழைவிடவில்லை என்று சொல்ல என்ன ஆதாரம்? அதனிடம் இருப்பது ஒரு மதிப்பீடு. மிக மிக நல்ல மதிப்பீடு, அவ்வளவுதான். இதை உங்கள் மாணவனிடம் அப்படியே சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று, விடை இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. 1913இல் எர்ன்ஸ்ட் சேர்மெலோ என்ற கணிதவியலாளர் காட்டியது அதைத்தான்: ஒன்றில் வெள்ளை கட்டாயம் வெல்லலாம், இல்லை கறுப்பு கட்டாயம் வெல்லலாம், இல்லாவிட்டால் இருவராலும் தோல்வியைத் தவிர்க்கலாம். மூன்றில் எது என்பதுதான் நிரூபிக்கப்படவில்லை. “முதலில் ஆடுவது வெள்ளை, ஆகவே கறுப்பு வெல்வதாவது!” என்று தோன்றும். ஹெக்ஸ் என்ற பலகை ஆட்டத்தில் கணிதவியலாளர் ஜோன் நாஷ் இந்த வகை வாதத்தை வைத்தே முதலில் ஆடுபவருக்கு வெற்றி உண்டு என்று நிரூபித்தார், ஏனென்றால் அங்கே பலகையில் கூடுதலாக ஒரு காய் இருப்பதால் யாருக்கும் நட்டம் வராது. சதுரங்கத்தில் அப்படியில்லை. நகர்த்தியே ஆகவேண்டும் என்பதாலேயே தோற்கிற நிலைகள் உண்டு, எனவே அந்த வாதம் இங்கே செல்லாது.

உண்மையிலேயே தீர்க்கப்பட்ட ஒரு பெரிய ஆட்டம், சதுரங்கம் போன்ற பலகையில் வட்டக் காய்களால் ஆடும் செக்கர்ஸ். கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜொனதன் ஷேஃபரின் குழு 1989இல் தொடங்கி 2007இல் அறிவித்தது: இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் சமநிலை. அந்த ஆட்டத்தில் வரக்கூடிய நிலைகள் 5க்குப் பின்னால் 20 பூச்சியம். அத்தனையையும் அவர்கள் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இல்லை. 10 காய்களும் அதற்குக் குறைவும் எஞ்சிய எல்லா நிலைகளுக்கும் முடிவைப் பின்னாலிருந்து கணக்கிட்டு வைத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து அந்த இடத்தை எட்டும்வரை மட்டும் தேடினார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு நல்ல நகர்வு போதும், மறு பக்கத்தின் எல்லா நகர்வுக்கும் பதில் வேண்டும். அப்படியும் 1க்குப் பின் 14 பூச்சியம் அளவுக்குக் கணக்கீடுகள் தேவைப்பட்டன.

சதுரங்கத்தில் இந்தப் பின்னாலிருந்து வரும் வேலை ராஜாக்களையும் சேர்த்து 7 காய்கள் வரை முடிந்துவிட்டது. 2012இல் மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தின் லொமொனோசொவ் சூப்பர் கணினியில் முதலில் செய்தார்கள். 7 காய் நிலைகள் மட்டும் 423 டிரில்லியனுக்கு மேல். காலி வீதி நெரிசலில் 100ஆம் இலக்க பஸ் நிற்கும்போது கைபேசியிலேயே நீங்கள் ஒரு நிலையைப் போட்டுப் பார்க்கலாம், வெற்றியா சமநிலையா என்று உடனே வரும், அது மதிப்பீடு அல்ல, நிரூபணம். அவற்றில் ஒரு நிலையில் மேட் செய்ய, அதாவது எதிரி ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்க, 549 நகர்வு வேண்டும், அந்த நகர்வுகளில் பெரும்பகுதி ஏன் என்று வல்லுநர்களுக்கே விளங்காது.

இதில் என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கும் கதை ஒன்று உண்டு. இரண்டு பிஷப்களுக்கு எதிரே ஒரு தனிக் குதிரை. 1851இல் கிளிங், ஹோர்விட்ஸ் என்ற இருவர், குதிரையை மூலைக்குப் பக்கத்தில் ராஜாவோடு சேர்த்து வைத்துக்கொண்டால் உடைக்க முடியாது, சமநிலை என்று எழுதினார்கள். நூறு வருடத்துக்கு மேல் எல்லாரும் அதை நம்பினார்கள், புத்தகத்துக்குப் புத்தகம் அதுவே வந்தது. 1983இல் கென் தொம்சன் (யுனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவர், அவரேதான்) கணினியில் முழுக்கக் கணக்கிட்டுப் பார்த்தால் பொதுவாக பிஷப்களுக்கே வெற்றி, குதிரை பறிபோக மிஞ்சி மிஞ்சிப் போனால் 66 நகர்வு. இத்தகைய முடிவுகளால் சர்வதேச சதுரங்க சங்கம் 50 நகர்வு விதியையே (எதையும் வெட்டாமல், சிப்பாயை நகர்த்தாமல் 50 நகர்வு போனால் சமநிலை கேட்கலாம் என்பது) சில நிலைகளுக்குத் தளர்த்தி, பிறகு 1992இல் எல்லாவற்றுக்கும் 50 என்று திரும்பியது. ராஜாக்களையும் சேர்த்துப் பலகையில் மொத்தம் ஐந்தே காய்கள் தம்பி, உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் நூறு வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தும் தெரியவில்லை. தொடக்க நிலையில் 32 காய்கள். “எல்லாருக்கும் தெரியும்” என்பது அங்கே எவ்வளவு தூரம் செல்லும்?

இனிக் கணக்குக்கு வருவோம். ஜோன் ட்ரொம்ப் என்ற கணினி அறிஞரின் மதிப்பீட்டின்படி சதுரங்கத்தில் வரக்கூடிய நிலைகள் சுமார் 4.8ஐ 10இன் 44ஆம் அடுக்கால் பெருக்கிய அளவு. விநாடிக்கு ஒரு டிரில்லியன் நிலை பார்த்தாலும் முழுவதற்கும் 15க்குப் பின் 24 பூச்சியம் போட்ட ஆண்டுகள் வேண்டும், பிரபஞ்சத்தின் வயதோ 1,380 கோடி ஆண்டு. செக்கர்ஸில் செய்ததுபோல் குறுக்கு வழியில் போனால்? அங்கே அடுக்கு 20இலிருந்து 14க்கு, ஏறக்குறைய மூன்றில் இரண்டாகக் குறைந்தது. அதே விகிதம் இங்கேயும் கிடைத்தால் 10இன் 30ஆம் அடுக்கு, அதே வேகத்தில் 3,000 கோடி ஆண்டுக்கு மேல். இது என் தோராயக் கணக்கு, ஆனாலும் சதுரங்கத்துக்குச் சாதகமாகவே போட்டிருக்கிறேன், ஏனென்றால் செக்கர்ஸில் வெட்டக் கிடைத்தால் வெட்டியே ஆகவேண்டும், காய்கள் சீக்கிரம் குறைந்துவிடும். எனவே கோட்பாட்டில் முடியும், இன்று தெரிந்த வழிகளில் முடியாது.

என் நம்பிக்கையைக் கேட்டால், சமநிலை. நகர்வுகளை எழுதி அனுப்பி, கணினி உதவியோடு ஆடப்படும் கடிதச் சதுரங்கத்தின் உச்சப் போட்டிகளில் ஏறக்குறைய எல்லா ஆட்டமும் சமநிலையில்தான் முடிகிறது. நிரல்களுக்கிடையிலான போட்டிகளில் வெற்றி தோல்வி வரவேண்டும் என்பதற்காகவே ஒரு பக்கம் சாய்ந்த தொடக்கங்களைத் தேர்ந்து கொடுக்கிறார்கள். மிக வலுவான சான்று இது, ஆனால் கணித வகுப்பில் இதற்கு முழுப் புள்ளி கொடுக்க மாட்டீர்கள்தானே.

இனி ஆடி என்ன பயன் என்ற கேள்விக்கு, செக்கர்ஸ் தீர்ந்த பிறகும் அதற்கு உலக சாம்பியன் போட்டிகள் நடந்தன. அந்த நிரூபணம் எந்த ஆட்டக்காரரின் தலைக்குள்ளும் இல்லை.

அந்தப் பையனுக்கு நிரல் எழுதத் தெரிந்தால் ஒரு வேலை கொடுங்கள். ஒரு பக்கம் ராஜாவும் கோட்டையும், மறு பக்கம் தனி ராஜா. 64ஐ மூன்று தடவை பெருக்கி, யாருடைய முறை என்பதற்காக இரண்டால் பெருக்கினால் 524,288 நிலைகள், அதில் விதிக்குப் பொருந்தாதவற்றைக் கழித்துவிட வேண்டும். முதலில் மேட் ஆன நிலைகளை எல்லாம் குறித்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு நகர்வாகப் பின்னால் வரட்டும். சாதாரண மடிக்கணினி போதும். மேட்டுக்கு ஆகக்கூடிய நகர்வு 16 என்று வரவேண்டும், 17 வந்தால் நிரலில் எங்கோ பிழை இருக்கிறது, தேடச் சொல்லுங்கள்.