வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீர்கள்

பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் இரண்டாம் பி.யூ.சி. (பிளஸ் டூ), பிசிஎம்பி, அதாவது இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல். ‘கம்ப்யூட்டர் சயின்ஸ்தான், மேனேஜ்மென்ட் சீட்டுக்கு நான் பேசுகிறேன்’ என்கிறாராம் பெரியப்பா. அதற்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க யோசனையாம். மகளோ எல்லோர் பேச்சையும் போனில் பதிந்து, ப்ராட் என்ற மென்பொருளில் போட்டுப் பார்க்கிறாளாம். “இதெல்லாம் சோறு போடுமா சார்?”

கவலை புரிகிறது அம்மா. ஆனால் அந்தச் சீட்டுக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. தவணை கட்டப்போவது பெரியப்பா இல்லை, நாலு வருஷம் பிடிக்காததைப் படிக்கப்போவதும் அவர் இல்லை.

ப்ராட் விளையாட்டுச் சாமான் அல்ல. பேச்சொலியைப் படமாக வரைந்து காட்டும், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள். ஒலியியல் ஆய்வாளர்கள் கையில் அதுதான். ‘அப்பா’ என்று பதிந்தால், உதடு மூடிய நேரம் வெற்றிடமாகத் தெரியும். திறந்ததும் மெல்லிய செங்குத்துக் கோடு. யாரும் சொல்லித்தராமல் இதில் மணிக்கணக்காக உட்காருகிற பெண்ணின் மனசு எங்கே இருக்கிறது என்று இன்னுமா சந்தேகம்?

பிஏஎஸ்எல்பி என்றொரு பட்டப்படிப்பு இருக்கிறது. செவித்திறன், பேச்சு, மொழி மூன்றிலும் வரும் குறைபாடுகளைக் கண்டறிந்து சிகிச்சை தரக் கற்பிக்கும். இன்டர்ன்ஷிப்போடு நான்கு ஆண்டு. உங்களுக்குப் பக்கத்திலேயே, மைசூரில், 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. நுழைவுத் தேர்வு உண்டு. ஒரு குழந்தை ‘காக்கா’வைத் ‘தாத்தா’ என்கிறது என்று வையுங்கள். (வீட்டுத் தாத்தாவுக்கு வேண்டுமானால் சந்தோஷமாக இருக்கலாம்.) நாக்கின் பின்பக்கம் எழவேண்டிய இடத்தில் நுனி போய்ப் பல்லைத் தொடுகிறது. அதைக் காதால் பிடித்து, பொறுமையாகத் திருத்துவதுதான் வேலை. பக்கவாதத்தில் பேச்சிழந்தவர், அன்னப்பிளவு அறுவை முடிந்த பிள்ளை, காது கேட்பதற்காக உள்காதில் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தை என்று வருவார்கள். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம் என வளர்ந்தவளுக்கு இந்த ஊரில் அது தனிப் பலம்.

தொடக்கச் சம்பளம் ஐடி அளவுக்கு வராது. முதுகலையும் முடித்தால் நல்லது. தனியார் கல்லூரிக்குப் போவதானால், இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகாரம் இல்லாத இடத்தில் விண்ணப்பமே வாங்காதீர்கள்.

முதலில் ஒரு சிகிச்சை மையத்தில் அனுமதி கேட்டு அரை நாள் அவளை உட்காரவையுங்கள். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதைப் பார்த்து அலுக்கவில்லை என்றால், நுழைவுத் தேர்வுக்குப் படிக்கட்டும். அலுத்துவிட்டால் எனக்கு எழுதட்டும், மொழியியல் வழியாக ஒலியியலுக்குப் போவது பற்றிப் பேசலாம். கடிதத்தை அவளே எழுதினால் நல்லது.