ஜிஐ பில் பணத்துல பைலட் ஆகலாமா? வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதத்துல மூணு பேரு ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்காங்க, அமெரிக்க ராணுவத்துல இருந்து வந்தவங்களுக்குக் கிடைக்கிற ஜிஐ பில்ங்கிற படிப்புப் பணத்துல பிளேன் ஓட்டக் கத்துக்கலாமான்னு. நானும் அங்க ஆர்மியில பெட்ரோல் நிரப்புற யூனிட்ல இருந்துட்டு வெளிய வந்து அதே பணத்துல கமர்ஷியல் லைசன்ஸ் எடுத்தவன். அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க.

அண்ணா, 2013-ல மாவ்னி வழியா ஆர்மியில சேர்ந்தேன். ஆறு வருஷம் முழுசா ஆக்டிவ் டியூட்டி, அதாவது முழு நேர சர்வீஸ். இப்ப டல்லாஸ் பக்கம் ஒரு வேர்ஹவுஸ்ல வேலை, வயசு 36. பல்லாவரத்துல மொட்டை மாடியில நின்னு பிளேன் இறங்குறதைப் பார்த்தே வளர்ந்தவன். ஜிஐ பில்லை இன்னும் ஒரு நாள் கூடத் தொடலை. இங்க ஏர்போர்ட்ல ஒரு ஃப்ளைட் ஸ்கூல், "வெட்டரன்ஸை எடுத்துக்குறோம், அட்வான்ஸ் கட்டினா திங்கட்கிழமையே ஆரம்பிக்கலாம்"னு சொல்றாங்க. சேர்ந்துடலாமா?
– பல்லாவரத்துக்காரர், டெக்சாஸ்

திங்கட்கிழமை வேண்டாம் தம்பி. பறக்கவே வேண்டாம்னு சொல்லலை, நிச்சயமா பறங்க, ஆனா வரிசை மாறுச்சுன்னா ஜிஐ பில்ல உங்களுக்கு இருக்கிற 36 மாசப் படிப்புப் பணமும் கரைஞ்சுடும், மறுபடி யாரும் தரமாட்டாங்க.

மாவ்னி தெரியாதவங்களுக்கு ஒரு வரி. ஸ்டூடண்ட் விசா மாதிரி சட்டப்படி அமெரிக்காவுல இருந்தவங்க, ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிஞ்சா கிரீன் கார்டு இல்லாமலே சேரலாம்னு 2009 வாக்குல ஆரம்பிச்ச திட்டம் அது, 2016-ல நிறுத்திட்டாங்க. அந்த மொழிப் பட்டியல்ல தமிழும் இருந்துச்சு. நம்ம பசங்க கொஞ்சம் பேரு அப்படித்தான் யூனிஃபார்ம் போட்டாங்க.

உங்களுக்கு நல்ல செய்தி முதல்ல. மூணு வருஷம் ஆக்டிவ் டியூட்டி முடிச்சிருந்தாலே போஸ்ட் நைன் லெவன் ஜிஐ பில் (2001 செப்டம்பர் 11-க்கு அப்புறம் சர்வீஸ் பண்ணினவங்களுக்கான புது பில்) நூறு சதவீதம், நீங்க ஆறு வருஷம். 2013 ஜனவரி 1-க்கு அப்புறம் வெளிய வந்தவங்களுக்கு, இத்தனை வருஷத்துக்குள்ள பயன்படுத்தணும்ங்கிற கெடுவை 2017-ல எடுத்துட்டாங்க, அதனால அவசரமே இல்லை. அவசரப்படுத்துறது அந்த ஸ்கூல்தான்.

இப்ப முதல் வேலை மெடிக்கல். எஃப்ஏஏ, அதாவது அமெரிக்க விமானத் துறை, அங்கீகரிச்ச டாக்டர்கிட்ட போய் செகண்ட் கிளாஸ் மெடிக்கலாவது வாங்குங்க, ஏர்லைன்தான் ஆசைன்னா ஃபர்ஸ்ட் கிளாஸே கேளுங்க, ஏன்னா ரெண்டாயிரம் மூவாயிரம் டாலர் செலவு பண்ணின பிறகு சர்ட்டிஃபிகேட் கிடைக்காதுன்னு தெரிஞ்சா அந்த வலி பெருசு. இதுல நம்ம ஆளுங்க நிறைய பேரு மாட்டுற இடம் ஒண்ணு இருக்கு. முதுகு வலி, தூக்கத்துல மூச்சுத் திணறல், பிடிஎஸ்டிங்கிற அதிர்ச்சிக்குப் பின்னான மனப் பாதிப்பு இப்படி ஏதாவதுக்கு விஏ-கிட்ட (வெட்டரன்ஸ்னு சொல்ற முன்னாள் ராணுவத்தினரைக் கவனிக்கிற அமெரிக்க அரசுத் துறை) டிசெபிலிட்டி பணம் வாங்கிட்டிருப்பீங்க. எஃப்ஏஏ ஃபாரத்துல அதைப் பத்தி நேராவே ஒரு கேள்வி இருக்கு. மறைக்காதீங்க. விஏ-கிட்ட ஒண்ணு சொல்லி எஃப்ஏஏ-கிட்ட வேற சொன்னாங்களான்னு கிட்டத்தட்ட 5,000 பைலட்டுகளை விசாரிச்சது 2023-ல வெளிய வந்துச்சு, ஏற்கெனவே வேலையில இருந்தவங்க எத்தனை பேரு ராத்திரி தூங்காம இருந்திருப்பாங்க. தூக்க மூச்சுத் திணறலுக்கு மெஷின் வச்சு ஒழுங்கா ட்ரீட்மெண்ட் எடுத்தா ஸ்பெஷலா மெடிக்கல் கொடுக்குறாங்க, சில டிப்ரஷன் மாத்திரைகளுக்கும் வழி இருக்கு, மாசக்கணக்குல இழுக்கும் அவ்வளவுதான். உண்மையைச் சொன்னவனுக்கு லேட் ஆகும், மறைச்சவனுக்கு லைசன்ஸே போகலாம்.

அடுத்தது பிரைவேட் பைலட் லைசன்ஸ். ஏர்போர்ட் ஸ்கூல்ல தனியா கத்துக்கும்போது இதுக்கு ஜிஐ பில் ஒரு டாலர் கூடத் தராது, அது உங்க சொந்தக் காசு. இன்ஸ்ட்ருமென்ட் (வெளிய தெரியாதப்ப கருவிகளை வச்சே ஓட்டுறது), கமர்ஷியல், மல்ட்டி இன்ஜின், இன்ஸ்ட்ரக்டர் இதுக்கெல்லாம்தான் பணம், அதுவும் கையில பிரைவேட் லைசன்ஸும் செல்லுபடியான மெடிக்கலும் இருந்தாத்தான். ஸ்கூலும் பார்ட் 141 ஸ்கூலா, அதாவது எஃப்ஏஏ அங்கீகரிச்ச பாடத்திட்டப்படி நடத்துற ஸ்கூலா இருக்கணும், விஏ அனுமதி இருக்கணும். அந்த அங்கீகாரம் இல்லாம பார்ட் 61-ங்கிற பொது விதியில சொல்லித்தர்ற இடம் எவ்வளவு நல்ல இடமா இருந்தாலும் ஜிஐ பில் அங்க செல்லாது, ஆனா பிரைவேட் லைசன்ஸை மட்டும் அங்க சொந்தக் காசுல முடிச்சுட்டு வர்றது பலருக்கும் சிக்கனமான வழி. சட்டப்படி குறைஞ்சது 40 மணி நேரம், நிஜத்துல 60, 70 ஆகுறது சகஜம்.

இந்த மணி நேரம்ங்கிறது என்னன்னு பக்கத்துல இருந்து பார்த்தாத்தான் புரியும். காக்பிட்ல ஹாப்ஸ் மீட்டர்னு சின்னதா ஒண்ணு இருக்கும், இன்ஜின் ஓடுற நேரத்தை ஆறு நிமிஷத்துக்கு ஒரு புள்ளியா எண்ணும். ரன்வே பக்கத்துல உங்களுக்கு முன்னாடி நாலு பிளேன் நிக்குது, டவர் "ஹோல்ட்"னு சொல்லிட்டாங்க, நீங்க தரையிலதான் இருக்கீங்க, ஆனா மீட்டர் நகர்ந்துகிட்டே இருக்கும், பிளேன் வாடகையும் பக்கத்துல உக்காந்திருக்கிற இன்ஸ்ட்ரக்டர் சம்பளமும் சேர்த்து. எனக்கு மூணாவது கிளாஸ்ல இருபது நிமிஷம் அப்படியே போச்சு. அதுக்கப்புறம் கூட்டம் இல்லாத சின்ன ஏர்போர்ட்டா தேடிப் போய்ச் சேர்ந்தேன், அதுல மிச்சமான பணமே எனக்குப் பெரிய தொகை.

லைசன்ஸ் வந்தாச்சுன்னு வைங்க, இப்ப ரெண்டு பாதை. ஒண்ணு நீங்க சொன்ன மாதிரி ஏர்போர்ட் ஸ்கூல். இதுக்கு வருஷத்துக்கு உச்சவரம்பு உண்டு, 2011-ல 10,000 டாலர்ல ஆரம்பிச்சது, 2025 ஆகஸ்ட்ல இருந்து 17,000-ஐக் கொஞ்சம் தாண்டியிருக்கு. வீட்டு வாடகைப் பணம் கிடையாது, புத்தகப் பணம் கிடையாது. அதாவது வேலையை விட்டுட்டு முழு நேரமா இதுல இறங்கினா சாப்பாட்டுக்கு என்ன வழின்னு நீங்கதான் பார்க்கணும்.

இன்னொண்ணு காலேஜ். ஏவியேஷன் டிகிரியோட சேர்ந்த ஃப்ளைட் கோர்ஸ். கவர்மெண்ட் காலேஜ்னா இன்-ஸ்டேட் டியூஷன் (அந்த மாநிலத்துக்காரங்களுக்கான கட்டணம்), ஃபீஸ் முழுசும் ஜிஐ பில் கட்டும், வேற மாநிலத்துல இருந்து போன வெட்டரனுக்கும் இன்-ஸ்டேட் ரேட்தான். கிராண்ட் ஃபோர்க்ஸ்ல இருக்கிற நார்த் டகோட்டா யூனிவர்சிட்டி இதுல பழைய பேரு. எம்ப்ரி ரிடில் மாதிரி தனியார்னா 2025 ஆகஸ்ட் கணக்குப்படி வருஷத்துக்கு 30,000 டாலருக்குக் கொஞ்சம் கீழ நின்னுடும், மீதிக்கு காலேஜும் விஏ-வும் பங்கு போட்டுக் கட்டுற யெல்லோ ரிப்பன்னு ஒரு திட்டம் இருக்கு, சேர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்னு எழுத்துல வாங்குங்க. காலேஜ்ல படிக்கும்போது மாசா மாசம் வீட்டுப் பணம் வரும், காலேஜ் இருக்கிற ஊரைப் பொறுத்து தொகை மாறும், செமஸ்டர் லீவுல மட்டும் வராது. டிகிரிக்குள்ளேயே பிரைவேட் லைசன்ஸும் கோர்ஸா இருந்தா அதுக்கும் சேர்த்துக் கட்டுறாங்க. இன்னொரு லாபமும் உண்டு. ஏர்லைன்ல உக்காரணும்னா 1,500 மணி நேரம் பறந்திருக்கணும், அங்கீகாரம் பெற்ற ஏவியேஷன் பேச்சலர் டிகிரி இருந்தா அது 1,000-ஆ குறையும்.

உங்க நிலைமையில நான் இருந்தா காலேஜ் பாதையைத்தான் எடுப்பேன். இந்தியாவுல டிகிரி முடிச்சிருந்தாலும் ரெண்டாவது டிகிரிக்கு ஜிஐ பில் செல்லும். 36 மாசம்னா ஒன்பது மாசக் கணக்குல நாலு படிப்பு வருஷம், 40 வயசுல முடிச்சு, இன்ஸ்ட்ரக்டரா இருந்து மணி நேரம் சேர்த்து ஏர்லைனுக்குப் போனாலும் 65 வரைக்கும் பறக்கலாம். ஆனா குடும்பத்தை நகர்த்த முடியாது, இப்ப இருக்கிற வேலையை விட முடியாதுன்னா வேலையோட சேர்த்து வாரத்துக்கு மூணு நாள் ஏர்போர்ட் ஸ்கூல் போறதும் தப்பில்லை, மெதுவாப் போகும்.

அட்வான்ஸ் விஷயம். நான் முதல்ல சேர்ந்த ஒரு ஸ்கூல்ல 6,000 டாலர் கட்டினேன், மொத்தமா கட்டினா தள்ளுபடின்னாங்க. அங்க இருந்த மூணு பிளேன்ல ரெண்டு எப்பவும் ரிப்பேர், என் இன்ஸ்ட்ரக்டர் ஒன்றரை மாசத்துல ஏர்லைனுக்குப் போயிட்டார், புது ஆளு வந்து பழைய பாடத்தையே மறுபடி பறக்க வச்சார். மிச்சப் பணத்தை வாங்க எனக்கு ஏழு மாசம் ஆச்சு. எனக்காவது வந்துச்சு. 2008 பிப்ரவரியில நெவாடாவுல இருந்த சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் திடீர்னு மூடினப்ப முன்கூட்டியே கடன் வாங்கிக் கட்டியிருந்த பசங்க கையில கடன் மட்டும்தான் மிச்சம். பறக்குற அன்னைக்கு பறந்ததுக்கு மட்டும் கட்டுங்க. அந்த ஸ்கூல் பேரை விஏ-வோட ஜிஐ பில் கம்பேரிசன் டூல்ல போட்டுப் பாருங்க, வரலைன்னா அவங்க சொன்னதுக்கு அர்த்தமே இல்லை. பாதியில நின்னா விஏ கட்டின பணத்தை உங்ககிட்டயே திருப்பிக் கேக்கவும் வாய்ப்பு இருக்கு, அதையும் மனசுல வச்சுக்கங்க.

சார், என் வீட்டுக்காரர் நேவியில ரெண்டு தடவை தனித்தனியா சர்வீஸ் பண்ணினவர். பழைய மாண்ட்கோமெரி பில்லும் இருக்கு, புதுசும் இருக்குங்கிறார். எது நல்லது? அவர் பறக்கலைன்னா பொண்ணுக்கு மாத்தி விட முடியுமா?
– ஒரு சகோதரி, நியூ ஜெர்சி

மாண்ட்கோமெரிங்கிறது போஸ்ட் நைன் லெவனுக்கு முந்தின ஜிஐ பில், அதுல ஃப்ளைட் ஸ்கூல் செலவுல 60 சதவீதம் திருப்பித் தருவாங்க, மீதி உங்க கைக்காசு. ஆனா சகோதரி, அவர் ரெண்டு சர்வீஸுக்கும் ரெண்டு பில்லுக்கும் தனித்தனியா தகுதி பெற்றிருந்தா மொத்தம் 48 மாசம் வரை கிடைக்கணும்னு 2024 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் ருடிசில் வழக்குல தீர்ப்பு சொல்லிடுச்சு. முன்னாடி ஒண்ணை விட்டுக்கொடுத்துட்டு 36 மாசத்தோட நின்னவங்க விஏ-கிட்ட மறுபடி கேக்கலாம், கண்டிப்பா கேளுங்க. பொண்ணுக்கு மாத்துறது மட்டும் அவர் சர்வீஸ்ல இருக்கும்போதே பண்ணியிருக்கணும், வெளிய வந்த பிறகு புதுசா ஆரம்பிக்க முடியாது. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு.

தம்பி, என் மகன் அமெரிக்கா ராணுவத்துல இருந்துட்டு இப்ப பிளேன் ஓட்டப் படிக்கப் போறேன், கவர்மெண்டே பணம் கட்டுதுன்னு சொல்றான். நெசமா? எனக்குப் பயமா இருக்கு. அவன் போன தடவை வந்தப்ப ஏதோ டிஸ்சார்ஜ் பேப்பர்னு பீரோவுல பத்திரமா வைக்கச் சொல்லிட்டுப் போனான், அது தேவைப்படுமா?
– ஒரு அம்மா, பாளையங்கோட்டை

நெசம்தான்மா. 1944-ல ரெண்டாம் உலகப் போர் முடியுறதுக்கு முன்னாடியே ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்ட சட்டம் இது, போர்ல இருந்து திரும்பின பசங்க அப்பவே இந்தப் பணத்துல பிளேன் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. உங்க மகன் யாரையும் ஏமாத்தலை, அவன் உழைச்சு சம்பாதிச்ச உரிமை.

பயம் இருக்கத்தாம்மா செய்யும், எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு. ஒண்ணு சொல்றேன். பிளேன் கிளம்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் ரெக்கைக்கு அடியில இருக்கிற சின்ன வால்வை அழுத்தி பெட்ரோலை ஒரு கண்ணாடி மாதிரிக் குப்பியில பிடிச்சு வெளிச்சத்துல பார்ப்போம். அது இளநீல நிறமா இருக்கும், தண்ணி கலந்திருந்தா அடியில முத்து மாதிரி தனியா நிக்கும். பார்த்துட்டுத்தான் ஏறணும், நூறாவது தடவையும் பார்க்கணும். ஆர்மியில பெட்ரோல் வேலை பார்த்தவன் நான், என்னையே இன்ஸ்ட்ரக்டர் விடலை, மறுபடி பிடின்னு சொன்னார். உங்க மகனையும் அப்படித்தான் பழக்குவாங்க.

அந்தப் பேப்பர் டிடி-214-ஆ இருக்கும்மா. அவன் ஜிஐ பில்லுக்கு மனு போடும்போது கையில இருக்க வேண்டியது அதுதான். லேமினேட் பண்ணிடாதீங்க. பக்கத்துல ஜெராக்ஸ் கடையில குடுத்து ரெண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து இன்னைக்கே அவனுக்கு மெயில்ல அனுப்பச் சொல்லுங்க, கடைக்காரர் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி நிக்காம அழிக்கச் சொல்லிட்டு வாங்க, அதுல அவன் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இருக்கும்.