எடை எங்கே ஏறுகிறது? வெளிநாட்டுப் பயணக் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோர் எழுதியவை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: பெட்டியை வீட்டிலேயே எடை போடுங்கள். கொக்கித் தராசு சில நூறு ரூபாய்தான். விமான நிலையத்தில் தரையில் உட்கார்ந்து புடவைகளை வெளியே எடுக்கும் நிலை யாருக்கும் வேண்டாம்.

நியூஜெர்சிக்குப் போகிறேன். 23 கிலோவில் இரண்டு பெட்டி தந்திருக்கிறார்கள். ஒன்றில் 28, இன்னொன்றில் 18 வைத்தால் மொத்தம் 46தானே? – கே.வி., கும்பகோணம்

கூடாது. அமெரிக்க டிக்கெட்டுகளில் பெரும்பாலும் பெட்டிக்குப் பெட்டி கணக்கு. பக்கத்துப் பெட்டியில் இடம் இருந்தாலும் 28 கிலோவுக்குக் கூடுதல் கட்டணம்தான். வளைகுடா டிக்கெட்டுகளில் 30 கிலோ என்று மொத்தமாகத் தந்திருந்தால் பிரித்து வைக்கலாம். அங்கேயும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. தூக்கிப் போடும் தொழிலாளியின் முதுகுக்காக வைத்த வரம்பு அது. உங்கள் டிக்கெட்டில் 'பீஸ்' (பெட்டிக் கணக்கு) என்று இருக்கிறதா, 'கிலோ' (மொத்த எடைக் கணக்கு) என்று இருக்கிறதா? டிக்கெட்டைப் படித்துவிட்டு எழுதுங்கள் என்று எத்தனை முறை சொல்வது!

புதுப் பெட்டி காலியாகவே 5 கிலோ இருக்கிறது. பரவாயில்லையா? – எம்.ஆர்., சேலம்

பரவாயில்லை, 18 கிலோ போதுமென்றால்.

மகளுக்குக் கறிவேப்பிலை, இட்லிப் பொடி, ஆவக்காய், மிக்ஸி எல்லாம் கொண்டுபோகலாமா? அமெரிக்கா. – வாசகி, தஞ்சாவூர்

கறிவேப்பிலை கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அந்தச் செடியில் வளரும் என்பதால் தடை. இட்லிப் பொடியைச் செக்-இன் பெட்டியில், அதாவது கவுன்டரில் ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள். அமெரிக்கா போகும் விமானங்களில் சுமார் 350 மி.லி.க்கு மேல் பொடியைக் கைப்பையில் வைத்தால் 2018 முதல் தனியாகச் சோதிக்கிறார்கள், சில சமயம் எடுத்தும் விடுவார்கள். ஊறுகாயும் நெய்யும் திரவக் கணக்கு. கைப்பையில் 100 மி.லி. டப்பாவுக்கு மேல் கிடையாது, ஆகவே அதுவும் செக்-இன்தான், இரண்டு ஜிப் கவர் போட்டு. நம் மிக்ஸி 230 வோல்ட், அங்கே 120. அது ஓடாது. அங்குள்ள இந்தியக் கடைகளில் 110 வோல்ட் மிக்ஸியே விற்கிறார்கள். அப்புறம், உணவு இருக்கிறதா என்று கேட்டால் "ஆமாம்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னால், ஆகாததை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம்.

பவர் பேங்கைப் பெட்டியில் போட்டதற்காகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னார்கள். ஏன்? – எஸ்.டி., கோவை

தீப்பிடிக்கும் என்பதால். அது கைப்பையில்தான் வர வேண்டும், 100 வாட்-அவர் (பேட்டரியின் ஆற்றல் அளவு) வரை. 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பது ஏறக்குறைய 75 வாட்-அவர்தான், தாராளம். இதே காரணத்தால் கொப்பரைத் தேங்காயையும் செக்-இன்னில் போடாதீர்கள். எண்ணெய்ப் பசையால் தானே சூடேறக்கூடியது.

துபாய் கிளம்புகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனுக்கு 4 கிலோவில் ஒரு பார்சல் கட்டித் தருகிறார். மறுத்தால் மனம் கோணுவார். என்ன செய்ய? – ஜே.பி., திருச்சி

இந்தக் கேள்விக்கு வருஷா வருஷம் பதில் எழுதுகிறேன். மறுத்துவிடுங்கள்.

என் அலுவலகத்துக்கு வந்து "எடை கூடுகிறது, ஏதாவது செய்யுங்கள்" என்பவர்களிடம் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பேன். சொந்தத் துணிமணி 12 கிலோ இருக்கும். மீதி, மாமா வீட்டு முறுக்கு, நண்பரின் அம்மா தந்த வடகம், யாரோ ஒருவருடைய செருப்பு. இந்த வேலைக்கு கூரியர் இருக்கிறது, காசுதான் ஆகும். அந்தக் காசை மிச்சம் பிடிக்க உங்களைத் தேடுகிறார்கள்.

எடைகூட இரண்டாம் பட்சம். அந்த வீட்டம்மா குருமாவுக்காகக் கால் கிலோ கசகசா வைத்திருப்பார். இங்கே அது மளிகைச் சாமான். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்ட பொருள், ஏனென்றால் அபின் செடியின் விதை. முதுகு வலிக்கு டிராமடால், இருமலுக்குக் கோடீன் மருந்து என்று வைத்திருந்தாலும் அமீரகத்தில் முன் அனுமதி கேட்பார்கள். பார்சல் மருந்துக்கு உங்கள் பெயரில் சீட்டு எங்கே இருக்கும்?

சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டம் இன்னும் கடுமை. பொருள் உங்கள் வசம் இருந்தால், அது என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். தெரியாது என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. ஹெராயின் 15 கிராமைத் தாண்டினால் மரண தண்டனை வரை போகும். செக்-இன் கவுன்டரில் "இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?" என்று கேட்பதைச் சடங்கு என்று நினைக்காதீர்கள். மறுக்கவே முடியாத உறவு என்றால், பிரித்த நிலையில் வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்து நீங்களே கட்டுங்கள். ஒட்டி வந்த பார்சல் வேண்டவே வேண்டாம்.

சென்னை–கோலாலம்பூர் ஒரு டிக்கெட், அங்கிருந்து பாலிக்குத் தனி டிக்கெட். முதலில் 30 கிலோ, அடுத்ததில் 20. எது செல்லும்? – பி.என்., சென்னை

20. தனித்தனி டிக்கெட் என்றால் குறைவான எடைக்கே அடுக்குங்கள்.

பெட்டி வராமல் போனால்? – ஆர்.எல்., மதுரை

விமான நிலையத்தைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார் எழுதி எண் வாங்குங்கள். உடைந்திருந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். மான்ட்ரியல் ஒப்பந்தம் என்ற சர்வதேச விமானப் பயண ஒப்பந்தப்படி இழப்பீட்டின் உச்சவரம்பு இன்றைய மதிப்பில் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்குப் பக்கம், அதுவும் இழப்பைக் காட்டினால். நகை, மருந்து, ஆவணம் மூன்றும் கைப்பையில். மறுபடியும் சொல்கிறேன், கைப்பையில்.

மூன்று மாதத்துக்கு எத்தனை புடவை எடுத்துப்போகலாம்? – வாசகி, நாகர்கோவில்

வாஷிங் மெஷின் இருக்கும் வீட்டுக்குத்தானே போகிறீர்கள்? ஏழெட்டு போதும். பட்டுப் புடவை ஒன்று, அங்கே கல்யாணம் ஏதாவது இருந்தால் மட்டும்.