மூச்சிரைப்பு எங்கே பிறக்கிறது? பெயின்டலின் ஆய்வு குறித்துச் சில கேள்விகள்

நுரையீரல் நரம்புகளை ஆராய்ந்த ஆட்டார் சிங் பெயின்டல் (1925–2004) பற்றி நான் எழுதியதைப் படித்தவர்கள், இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து அனுப்பிய கேள்விகள் இவை. உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என் பதில்கள் மருத்துவரின் நேரடிச் சோதனைக்கு ஈடாகமாட்டா.

கல்லூரி மாணவி, இராமநாதபுரம்: பெயின்டல் அப்படி என்னதான் கண்டுபிடித்தார், ஐயா?

லக்னோவில் மருத்துவம் படித்த அவர், எடின்பரோவில் டேவிட் விட்டரிட்ஜிடம் ஆய்வு செய்தார். நுரையீரலின் செய்திகளை மூளைக்குக் கொண்டுசெல்லும் வேகஸ் நரம்பை, பூனையின் கழுத்தில் நுண்ணோக்கியின் அடியில் வைத்து, ஒரே ஓர் இழையின் மின்துடிப்பு மட்டும் தனியே பதிவாகும்வரை அதைப் பிரித்துக்கொண்டே போவதுதான் அவருடைய கைவேலை. கை சற்று நடுங்கினாலும் அன்றைய உழைப்பு வீண். பிற்காலத்தில் அவர் வல்லபபாய் படேல் மார்பு நோய் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகவும், 1981இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் ஆனார். ஆனால் என் கணக்கில் அந்தப் பொறுமைதான் அவருடைய முதல் தகுதி.

இரத்தத் தந்துகிகள் எனும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களை ஒட்டியே அமைந்த ஒருவகை நரம்புமுனைகள் நுரையீரலில் இருப்பதை அவர் 1955இல் அறிவித்தார். இன்று அவற்றை ஜே ஏற்பிகள் என்கிறோம். ஒரு வேதிப்பொருளை, நுரையீரலுக்கு இரத்தம் அனுப்பும் இதய வலப்புறத்தில் செலுத்தினால் அந்த இழைகள் விரைவாகத் துடிப்பதையும், இடப்புறம் செலுத்தினால் அவ்வாறு துடிக்காததையும் வைத்தே, அவை இருக்கும் இடம் நுரையீரலின் இரத்த ஓட்டப் பாதை என்று கணிக்க முடிந்தது. தந்துகிகளில் அழுத்தம் மிகுந்து, காற்றறைச் சுவர்களில் நீர் கசியத் தொடங்கினால் இவை கிளர்ந்து மூச்சை வேகமாகவும் ஆழமின்றியும் ஆக்குகின்றன. கடும் உழைப்பின்போது கால்கள் தளர்ந்து நம்மை நிறுத்துவதிலும் இவற்றுக்குப் பங்குண்டு என்பது அவர் முன்வைத்த விளக்கம். அதை எல்லாரும் ஒப்புக்கொண்டதில்லை.

சங்கு குளிப்பவர், பெரியபட்டினம்: முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் கூடுதல் நேரம் இருக்க முடிகிறது. உள்ளே காற்று கூடுதலாகச் சேர்வதுதான் காரணமா?

இல்லை, தம்பி. ஆக்சிஜன் அதனால் பெரிதாகக் கூடுவதில்லை. கரியமில வாயுதான் வெளியேறுகிறது. "மூச்சு விடு" என்று மூளையை நெருக்குவதில் பெரும்பங்கு அந்த வாயுவுக்கே உரியது என்பதால், அது குறைந்திருக்கும்போது ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருப்பது உங்களுக்கு உறைக்காது. மேலே வரும்போது நீரின் அழுத்தம் குறைய, நுரையீரலில் எஞ்சிய ஆக்சிஜனின் அழுத்தமும் விழுகிறது. திணறல் எதுவும் தோன்றாமலேயே, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நினைவு தப்பிவிடக்கூடும். இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்; தனியாக முங்கவும் வேண்டாம்.

குடும்பத் தலைவி, சாயல்குடி: வீட்டுக்காரர் சீமைக்கருவேல் விறகில் கரிமூட்டம் போடுகிறார். மூச்சு வாங்கவில்லை, தலைதான் வலிக்கிறது என்கிறார். கவலைப்பட வேண்டுமா?

வேண்டும், அம்மா. காற்றோட்டம் குறைவாக வேகும் விறகு கார்பன் மோனாக்சைடை வெளிவிடுகிறது. அது இரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது; ஆனால் கழுத்துத் தமனியருகே உள்ள உணர்வுறுப்பு ஆக்சிஜனின் அழுத்தத்தை அளக்கிறதே தவிர, இரத்தம் சுமக்கும் அளவை அளப்பதில்லை. அதனால்தான் மூச்சு வாங்குவதில்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு ஆகியவையே எச்சரிக்கை. அவை தோன்றிய உடனே புகையைவிட்டு விலகி, காற்று வரும் பக்கம் போகச் சொல்லுங்கள்; குறையாவிட்டால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆண்டுக்கணக்கில் புகை குடித்தவர் என்பதால், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையும் செய்துகொள்வது நல்லது.

மீனவர், பாம்பன்: அந்த வேகஸ் நரம்பை அறுத்துவிட்டால் இரைப்பு நின்றுவிடுமா?

ஓரளவு குறையலாம். 1960களில் லண்டனில் ஏப் கஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், வேகஸ் உள்ளிட்ட கழுத்து நரம்புகளை மரக்கச் செய்து பார்த்தபோது தன்னார்வலர்களால் கூடுதல் நேரம் மூச்சடக்க முடிந்தது. ஆனால் இருமலைத் தூண்டி நுரையீரலைக் காப்பதும் அதே வேகஸ்தான். மேலும், நுரையீரல் மாற்று அறுவையில் அந்த இழைகள் அறுபட்டவர்களுக்கும் இரைப்பு உண்டாகிறது. மார்புத் தசைகளும் மூளைத்தண்டும் தம் பங்குக்குச் செய்தி அனுப்பிக்கொண்டேதான் இருக்கின்றன.